இண்டூர் டீச்சர் கல்யாண டிஸ்க்

உறையின் மேல் மாமாவின் கோணல் எழுத்தில் 'இண்டூர் டீச்சர் கல்யாணம்' என்று இருக்கிறது. அக்கா வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். பாப்பாரப்பட்டியில் வீடியோ கடை வைத்திருந்தார். போன தையில் அவர் இறந்த பிறகு, பீரோவிலிருந்து அக்கா எடுத்துக் கொடுத்த டிஸ்க் இது.

துல்லியமான படத்துக்கென்று இரண்டு வகை டிஸ்க்குகள் சந்தையில் முட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஒன்று ப்ளூ-ரே, இன்னொன்று எச்.டி. டிவிடி. ஒன்றின் பிளேயரில் மற்றது ஓடாது. நான் அப்போது சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். "ரெண்டுல எது மாப்ள நிக்கும்?" என்று மாமா போனில் கேட்டார். பெரிய மேதாவி போல, "எச்.டி. டிவிடிதான் மாமா, கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றேன். பதிவு செய்யும் கருவியையும் இரண்டு பிளேயர்களையும் நானே அனுப்பி வைத்தேன். சில மாதங்களில் அந்த வகையைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அதற்குள் டீச்சர் கல்யாணத்தை மாமா அதில் பதித்து, ஒரு பிளேயரோடு கொடுத்திருந்தார். டிஸ்க் கைமாறியதும், கேமராவில் படம்பிடித்த அதே டேப்பில் அடுத்த முகூர்த்தத்தை எடுப்பது கடை வழக்கம். அதனால் அசலும் அழிந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் டீச்சரின் அப்பா இறந்தார். அவர்கள் வீட்டு பிளேயர் படுத்துவிட்டது, கடையில் இருந்ததும் அதற்கு முன்பே போயிருந்தது. "எங்கப்பா நடமாடறது இதுல மட்டுந்தானுங்க இருக்குது" என்று அழுத டீச்சர், டிஸ்க்கை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாராம். அதன்பின் இண்டூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்கும் மாமாவை யாரும் கூப்பிடவில்லை. "என் தப்புதானுங்க" என்றாரே தவிர, மச்சினன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த வகை டிஸ்க்கைப் படிக்கும் பழைய கம்ப்யூட்டர் டிரைவ் ஒன்றை நான் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் தேடினால் என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டுமே. வெட்கங்கெட்ட வீம்பு.

இப்போது தேடினேன். பத்தே நாளில் இணையத்தில் கிடைத்தது. கம்ப்யூட்டரில் மாட்டி, படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு இண்டூர் போனேன். டிவியில் டீச்சரின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு பந்தியில் ஓடினார். டீச்சர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, பரிமாறுனது போதுங்க. பொண்ணு பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க. நாளைக்கு அவங்க பாக்கணுமில்லீங்களா."

"அவருதானுங்களா?" என்றார் டீச்சர். தலையாட்டினேன். அந்த வகையை வாங்கச் சொன்னது நான்தான் என்று அப்போதுதான் சொன்னேன். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"கடைத்தெருவுல பாத்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்குவேனுங்க. இத அவரு இருக்கறப்பவே வந்து சொல்லியிருக்கலாமுங்களே."

கிளம்பும்போது பென் டிரைவை வைத்துக்கொண்டு டிஸ்க்கை என்னிடமே நீட்டினார். "அவரு கையெழுத்து இருக்குது. நீங்க வெச்சுக்கங்க." வாங்கிக்கொண்டேன். என் மேசை மேல்தான் இருக்கிறது.