பெல்ட் விரியன்

எங்கள் பாம்புக் குழுவின் விதிகளை எழுதியவன் நான்தான். இலுப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். விதி எழுதுவதென்றால் எனக்குக் கை அரிக்கும். அது இணையத்தில் நடக்கும் குழு. வீட்டிலோ வயலிலோ பாம்பைப் பார்த்தவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள். என்ன பாம்பு, விஷமுள்ளதா என்று தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள்.

ஆறாவது விதி மீம் பற்றியது. மீம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்; மற்ற நாளில் போட்டால் நீக்கப்படும். உடனே, மீம் என்றால் எது என்று சண்டை வந்தது. சாரைப் பாம்புக்குக் கூலிங்கிளாஸ் வரைந்தால் மீமா? எலி பாம்புக்கு எழுதும் கடிதம் மீமா, கட்டுரையா? இரண்டு வாரம் அடித்துக்கொண்டோம். கடைசியில் வகுப்பறைக் குரலில் நானே தீர்ப்புச் சொன்னேன்: படம் இருக்கவேண்டும், அதன் மேல் எழுத்து இருக்கவேண்டும், சிரிப்பு வரவேண்டும். மூன்றும் இருந்தால்தான் மீம். பாராட்டிப் பத்துப் பேர் கைதட்டல் படம் அனுப்பினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒருவர் பம்புசெட் அறையில் எடுத்த மங்கலான படம் ஒன்றைப் பதறிப்போய் அனுப்பினார். பார்த்தால், மோட்டாரின் அறுந்த பெல்ட். யாரோ "பெல்ட் விரியன், விஷமில்லை" என்று எழுத, குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் அந்த வரியை முதலில் எழுதப் போட்டி. நல்ல பாம்பு படமெடுத்து நின்றாலும் பெல்ட் விரியன்தான். சரியான பதில் பின்னால் மெதுவாக வரும். பழகியவர்களுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது.

குழுவின் இன்னொரு அட்மின் பொன்னமராவதியில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவருக்கு மட்டும் இது உறுத்தியது. "சார், அந்த வரியையும் மீம்னே வச்சு எடுத்துருவோமா? புதுசா வர்றவங்களுக்கு வெளையாட்டுன்னு தெரியாதுல்ல" என்று போனில் கேட்டார். வெறும் எழுத்துதானே இருக்கிறது, படம் எங்கே, விதிப்படி அது மீம் ஆகாது என்றேன். சரி சார் என்று போனை வைத்துவிட்டார். வாத்தியாரிடம் யார் மல்லுக்கட்டுவார்கள்?

ஒரு காலையில், வல்லத்திராக்கோட்டையிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் படம் போட்டிருந்தார். கடலைக்கொல்லை வரப்பில் சுருண்டு கிடந்த சின்னப் பாம்பு. "இது விஷமா, சீக்கிரம் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டிருந்தார். முதல் பதில் பெல்ட் விரியன், விஷமில்லை. அடுத்த மூன்றும் அதேதான். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. முதல் பதிலுக்கு ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

மதியம் சாப்பிடும்போதுதான் படத்தைத் திறந்தேன். முதுகு நெடுக வரிசையாகப் பழுப்பு வட்டங்கள். கண்ணாடி விரியன் குட்டி. அப்படியே டிபன் பாக்ஸை மூடிவிட்டு அந்தப் பெண்ணின் எண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பாம்பு காலையிலேயே அவர் கணவரின் கணுக்காலில் கடித்திருந்தது. விஷமில்லை என்று நாலு பேர் சொன்னதால் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி கடலை பிடுங்கப் போய்விட்டார். இப்போது கால் வீங்கி, ஈறில் ரத்தம் வர, ஆட்டோவில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

உயிர் தங்கியது. சிறுநீரகம் இரண்டும் போயின. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ், மற்ற நாட்களில் படுக்கை.

குழுவில் நாங்கள் என்ன செய்தோம்? அந்த வரி மீமா, இல்லையா என்று வாக்கெடுப்பு நடத்தினோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இல்லை என்பதே அதிகம் பேரின் கருத்து. கடித்ததைச் சொல்லாதது அந்தப் பெண்ணின் தப்பு என்றும் எழுதினார்கள். நான் வாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, படம் இல்லாத வெறும் எழுத்தும் மீம்தான் என்று விதியைத் திருத்தினேன். அடுத்த வாரமே ஒருவர் எழுத்தே இல்லாமல் வெறும் பெல்ட் படத்தைப் போட்டார். எல்லோருக்கும் புரிந்தது, சிரித்தார்கள். நீக்கினேன், மறுநாள் இரண்டு வந்தன. கடைக்காரர் குழுவை விட்டே போய்விட்டார். நானும் நீக்குவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை வல்லத்திராக்கோட்டையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கணவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்தப் பெண் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவரே எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க? ரெண்டும் பாக்க ஒண்ணு போல இருந்திருக்கும், மாத்திச் சொல்லிட்டாங்க. அந்தப் பெல்ட் விரியன் படம் இருந்தா காட்டுங்க சார். புள்ளைகளுக்கு அடையாளம் சொல்லி வைக்கணும்."

என் போனில் அந்தப் படம் இருந்தது. எடுக்கவில்லை. அப்படி ஒரு பாம்பே கிடையாது, குழுவில் விளையாட்டுக்கு வைத்த பெயர் என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கொடுமையாக இருந்தது.

"அப்ப அன்னைக்கு எங்ககிட்ட வெளையாண்டீங்களா சார்?" என்று கேட்டார்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.