கரப்பான் மூச்சு விடும் இடம்

கரப்பான் பூச்சி மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடலின் பக்கத்துக்குப் பத்தாகச் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே நுழையும் காற்று, கிளைத்துக் கிளைத்து மெலியும் குழாய்களில் உடம்பின் எல்லா மூலைக்கும் நேரே போய்ச் சேர்கிறது. இதை ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை, தாராவியில் என் தங்கை வீட்டில் சொன்னேன். டைரியில் எழுதியிருக்கிறேன். யாரும் காது கொடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

முந்தைய நாள் செம்பூரில் ஒரு குடியிருப்பு வாசலில் அவள் இட்லி விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்மணி வாங்கிய சட்னியில் கரப்பானின் கால் ஒன்று கிடந்தது. குடியிருப்பின் செகரெட்டரி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அடுத்த ஞாயிறு அவரே வந்து பார்ப்பார். இன்னொரு பூச்சி தென்பட்டால் அவள் அங்கே உட்கார முடியாது. பல வருஷமாக அந்த வாசல்தான் அவள் பிழைப்பு.

மாவு ஆட்டும் அறையேதான் வீடு. அங்கே மருந்து அடிக்க வழியில்லை. சோப்புத் தண்ணீர் தெளிக்கலாம் என்றேன். அந்தத் துளைகளை அடைத்துவிடும், விஷமும் இல்லை.

“அண்ணே, புள்ளைக்கு ஏழு மாசம். தலப்பிரசவத்துக்கு வந்திருக்கா. இந்த வீட்டுல ஒரு உசுரக் கொல்லப்படாது” என்றாள் தங்கை, மகளைக் காட்டி.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பாம்பைக்கூட விரட்டத்தான் செய்வார்கள். அதனால் அவள் கணவர் கரப்பான்களை எண்ணெய் டின்னில் பிடித்து, பின்னால் இருக்கும் சாக்கடையில் உயிரோடு விட்டுவந்தார். “மச்சான், எனக்கு முன்னால அது வீடு வந்து சேந்துருது” என்று அவரே சிரித்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அதற்கு நம்முடையதைப் போன்ற ரத்தமே இல்லை என்றேன். நிறமில்லாத ஏதோ திரவம், நாளங்களுக்குள் ஓடாமல் உடம்புக்குள் சும்மா தளும்புகிறது. முதுகோரம் நீளும் ஒரு குழாய்தான் இதயம்.

“உசுரு இருக்கா, இல்லையா?” என்றாள் தங்கை.

“இருக்கு.”

“பொறவு என்ன?”

“நான் இந்த வீட்டுக்காரன் இல்லையே. நான் அடிக்கிறேன்.”

“நீ தாய்மாமன். அந்தக் கையாலயா வளைகாப்புக்கு வளையல் போடுவே?”

போனைப் பார்த்தபடி படுத்திருந்த தங்கை மகள் நிமிராமலே சொன்னாள்: “சோடோ மாமா, விட்டுருங்க. அம்மா ஒத்துக்க மாட்டா.”

கொல்லாமல் துரத்த வேண்டும். பட்டினி போட்டுப் பயனில்லை. அதன் இரைப்பைக்குள்ளேயே பற்கள் இருக்கின்றன, பசை, முடி, காகிதம் எல்லாவற்றையும் அரைத்துவிடும். சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும். தண்ணீர் இல்லாமல்தான் அவ்வளவு நாள் தாங்காது. ஆகவே அறையைக் காய வைப்பது என்று முடிவு செய்தேன். மழைக்காலத்தில், தாராவியில், இட்லிக்காரி வீட்டை!

செவ்வாய் முதல் தினமும் ஆபீஸ் முடிந்து மாட்டுங்காவில் என் வீட்டுக்குப் போகாமல் அங்கே போனேன். கிரைண்டரைத் துடைத்தோம். டிரம்களின் அடியைத் துடைத்தோம். அரிசி ஊறும் பாத்திரங்களைத் தட்டு போட்டுக் கட்டினோம். வியாழனன்று குழாயை மூட மறந்து தரையெல்லாம் வெள்ளம், முதலிலிருந்து தொடங்கினோம். சனிக்கிழமை ஒரு கரப்பான்கூடக் கண்ணில் படவில்லை. டைரியில் ‘வெற்றி’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன்.

ஞாயிறு காலை நானும் கூடப் போனேன். செகரெட்டரியும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். அவர் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார், சட்னியைக் கிளறிப் பார்த்தார், “டீக் ஹை” என்று ஒப்புக்கொண்டார். தங்கை நிம்மதியாக, பாத்திரத்துக்கு அடியில் வைப்பதற்காகத் தலையிலிருந்து சும்மாட்டை எடுத்துப் பிரித்தாள். முந்தைய நாள் துவைத்து, மழையில் காயாத துணி. அந்த அறையில் நான் மிச்சம் விட்ட ஒரே ஈரம். அதன் மடிப்பிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்தது.

செருப்பைக் கழற்றி ஓங்கினேன். தங்கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம்ணே!”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது செகரெட்டரியின் காலைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குள் ஓடியது. வளர்க்கிறீர்களா என்று அவர் இந்தியில் கேட்டார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

பஸ் ஸ்டாப்பில் பொரிந்து தள்ளினேன். ஒரே ஒரு அடி. விட்டிருந்தால் மன்னித்திருப்பார்கள்.

“வேற கேட்டு கெடைக்கும்ணே. புள்ளைக்கு ஒண்ணுன்னா?” என்றாள். பிறகு, “உள்ள போயிட்டுல்லா? இனி அது அவுக வீட்டுப் பூச்சி” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பாத்திரத்தின் மூடியை நகர்த்தி, பஸ்ஸுக்கு நின்றவர்களைப் பார்த்து, “இட்லி, கரம் இட்லி, சூடா இட்லி” என்று குரல் கொடுத்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பொட்டலம் கட்டினேன்.