இரும்புப் பாலத்துக்கு ஒரு கையெழுத்து

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மண் சாலைகளில் எதிரே வண்டியோட்டி வருகிறவர் ஸ்டியரிங்கை விடாமல் ஒற்றை விரலை மட்டும் தூக்குவார். வந்த புதிதில் திட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் முறைத்தேன். அது வணக்கமாம். காஞ்சிபுரத்தில் எதிரே வருகிறவர் தலையாட்டினால், எங்கே போகிறாய், யார் வீட்டுப் பிள்ளை என்று இரண்டு கேள்வியாவது பின்னால் வரும். இங்கே விரலோடு சரி.

சனிக்கிழமையானால் காரை எடுத்துக்கொண்டு சின்ன ஊர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். சோளக்காட்டு நடுவே பழைய ரயில் நிலையம், பூட்டிக் கிடக்கும் செங்கல் கட்டடங்கள், ஆற்றின் மேல் இரும்புப் பாலம். நான்கு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பாலத்தில்தான் டோனாவைச் சந்தித்தேன். மரப்பலகை பாவிய ஒற்றை வழிப் பாலம். கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று என்று முகப்பில் தகடு வைத்திருந்தார்கள். பழசு என்று கண்டால் காஞ்சிபுரத்துக்காரன் கால் சும்மா இருக்குமா? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நடுப்பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிக்கப் வண்டி கிரீச்சிட்டு நின்றது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் இறங்கி ஓடிவந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எதுவானாலும் பேசிக்கொள்ளலாம்" என்றார். கழற்றிய செருப்பைப் பார்த்து, நான் குதிக்கப் போகிறேன் என்று முடிவுகட்டிவிட்டார். கோயில், சாமி என்று நான் விளக்க விளக்க அவர் பிடி இன்னும் இறுகியது.

டோனாவின் தாத்தா அந்தப் பாலம் கட்டிய கூலியாட்களில் ஒருவர். "எங்கள் பாலம்" என்றுதான் டோனா சொல்வார். எங்கள் தெருவில் பாதி ஜனம்கூட இல்லாத ஊர் அது. பனி விலகியதும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து துருவைச் சுரண்டி வர்ணம் அடிப்பார்கள். நானும் போய்ச் சுரண்டுவேன். சுரண்டும்போதெல்லாம் வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன? ஆயிரம் வருடத்துக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றவன் நான். இவர்களோ நூறு வருட இரும்பை வைத்துக்கொண்டு இந்தப் பாடு படுகிறார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கும் தாத்தா கட்டிய ஓட்டு வீடு உண்டு. தம்பி அதில்தான் தறி போட்டு நெய்கிறான். போன ஐப்பசியில் போன் செய்தான்.

"மழ பேஞ்சா தறில பாவு நூல் மேலயே ஒழுவுதுண்ணா. எத்தினி வாட்டி ஓடு மாத்தறது? இட்ச்சிட்டு மாடி கட்டிக்கலாம்னு பாக்கறேன். நீ ஒரு கையெழுத்து போட்டு அனுப்பு, போதும்."

"அந்தத் தூணெல்லாம் தேக்கு மரம்டா" என்றேன்.

"நீ வந்து இருப்பியா, சொல்லு. அப்பிடியே வச்சிக்கினு இருக்கேன்."

மறுநாள் மதிய இடைவேளையில் நோட்டரி முன்னால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

போன மாதம், அந்தப் பாலத்தை எடுத்துவிட்டு கான்கிரீட் குழாய் பதித்து மேலே சாலை போடப் போவதாக, நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்டியில் முடிவெடுத்தார்கள். கூடாது என்று மனுவில் கையெழுத்துப் போடத் தேவாலயக் கூடத்தில் எல்லோரும் வரிசையாக நின்றோம். என் முறை வந்ததும் மேசையில் இருந்தவர் என் லைசென்ஸைப் பார்த்தார். "நீங்கள் பக்கத்து கவுண்டி. இங்கே குடியிருப்பவர்கள் மட்டும்தான் போடலாம், மன்னியுங்கள்" என்றார். எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு நாள்கூடத் துரு சுரண்ட வராதவர். குனிந்து ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போனார். அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றபோது தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வீடு இருந்த இடத்தில் உடைந்த ஓடும் மண்ணும்தான் கிடந்தன. பின்தெரு வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. என்னைச் சமாதானப்படுத்த வந்த டோனா எட்டிப் பார்த்தார். என் தாத்தா கட்டிய வீடு என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கை வைத்து, "அங்கேயும் உங்களைக் கையெழுத்துப் போட விடவில்லையா?" என்று கேட்டார்.

"விட்டார்கள்" என்றேன்.