இஸ்திரிக்கா மலையேறிய நாள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருடமாக நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன் நிற்பவளை அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவள் இஸ்திரிக்கா. வாய்த் துடுக்கு அதிகம். "போர்வைய மடிக்கத் தெரியாதவங்க எங்கள மடக்கப் பாக்காதீங்க" என்று மேற்பார்வையாளரையே வாயடைக்க வைத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேன் பிடித்து மலைமேல் இருக்கும் புத்த மடாலயத்துக்குப் போவதென்று முடிவானபோது மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. அங்கிருக்கும் துறவிகளில் ஒருவர் அவள் புருஷன் என்பது யாருக்கும் தெரியாது. வெளியூரில் வேலை என்றே ஆறு வருடமாகச் சொல்லிவந்தாள்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது மாதம், ஒரு காலையில் தலையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். "மனசு ஒரு நிலையில இல்ல. நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் போறேன்" என்றார். போய்விட்டார்.

பிறகு வேலையிலும் விரிப்புகள், வீட்டிலும் விரிப்புகள். மாமியார் இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

வேன் வளைந்து வளைந்து ஏறியது. பாதிப் பேருக்குக் குமட்டல். மேலே, செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த மரத்தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வந்தவர்களுக்குப் பேச வந்த துறவி அவரேதான். சற்றுச் சதை போட்டிருந்தார். எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது பற்றிப் பேசினார். இவளைப் பார்த்ததும் ஒரு சொல் தடுக்கியது. அப்புறம் சமாளித்துக்கொண்டார். மடிப்பு மேசையில் வேலை செய்பவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போன நேரத்தில், முற்றத்துக் குழாயடிக்கு அவரே வந்தார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்."

"அம்மா?"

"போயிட்டாங்க. நாப்பது நாளாச்சு."

கண்ணை மூடித் திறந்தார். "எதுவுமே நிலையில்ல" என்றார் மெதுவாக.

"ஆமா. படுக்கை விரிப்புகூட ஒரு நாளைக்கு மூணு தடவை மாறிக்கிட்டேதான் இருந்துச்சு."

அவர் பழைய வீட்டுக் குரலில் கேட்டார். "என்னைக் கேட்டாங்களா?"

மாமியார் தினமும் கேட்டாள். சாயங்காலம் விளக்கைப் போட்டதும், கோணிய வாயால், "வந்துட்டானா?" என்பாள். "வழியில இருக்காரு" என்று இவள் சொல்வாள். அதைச் சொல்வதற்குத்தான் மலையேறி வந்திருந்தாள். ஆனால் எதிரே அவர் கோத்து வைத்திருந்த கைகள், ஒரு தழும்புகூட இல்லாமல், வழுவழுவென்று இருந்தன.

"ஒரு நாளும் கேக்கல" என்றாள்.

"ஒரு தடவைகூடவா?"

"கூட இருந்தவங்களத்தான் கேட்டாங்க."

அவர் முகம் கசங்கியது. அதைப் பார்த்தால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. செத்தவளின் வாயைத் தானே பொத்திவிட்டதுபோல் இருந்தது. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றுவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். வேன்காரர் ஹாரன் அடித்தார்.

மலையிறங்கும்போது மடிப்பு மேசைக்காரி, "அந்தச் சாமி முகத்துல என்ன அமைதி, பாத்தீங்களாக்கா?" என்றாள்.

"நிம்மதியா தூங்கி எந்திரிச்சா எல்லார் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும்."

வேனே சிரித்தது. இஸ்திரிக்கா சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அம்மா ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க, நல்லா யோசிச்சுப் பார்' என்று மட்டும் எழுதியிருந்தார். சாப்பிடும் வேளையில், துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். பதில் எழுதவில்லை. எழுதவே கூடாது என்று முடிவெடுக்கவும் அவளால் முடியவில்லை.