வால்ட் கேட்ட "சும்மா" வீடியோ

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, இறந்துபோன ஒருவருக்கு வீடியோ அனுப்பியது.

அப்போது தெரியாது. பல்கூடத் தேய்க்கவில்லை. நேற்றைய மேட்சிலிருந்து வெட்டி வைத்ததை வால்ட்டின் நம்பருக்கு அனுப்பிவிட்டுக் காபி போடப் போனேன்.

பதில் அவர் மனைவி கேரலிடமிருந்து வந்தது. "வால்ட் விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார்மா. ஹார்ட். இப்ப ஃபோன் சத்தம் கேட்டதும் பழக்கத்துல அவரைக் கூப்பிட்டுட்டேன்."

அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். உட்கார முடியவில்லை. கிச்சனில் நின்றுகொண்டேதான் இதை டைப் செய்கிறேன்...

பகலில் டேட்டாபேஸ் வேலை, சாயங்காலம் ஆலன் ஊர்ப் பக்கத்தில் ஒரு புரொஃபஷனல் ஐஸ் ஹாக்கி டீமுக்கு வீடியோ வெட்டும் வேலை. என் கதை இங்கே பேஸ்புக்கில் பலருக்கும் தெரியும். "டெக்ஸஸ்ல ஏதுங்க ஐஸ்?" என்று கேட்டவர்களும் இங்கேதான் இருக்கிறீர்கள்.

வால்ட் அந்த டீமின் டிஃபென்ஸ் கோச். அறுபதைத் தாண்டியவர், கனடாக்காரர். நான் கொண்டுபோகும் ரசத்தை பேப்பர் கப்பில் ஊற்றி, காபி மாதிரி கையில் வைத்துக்கொண்டு பிராக்டிஸ் நடத்துவார். என் மகளுக்கு வால்ட் அங்கிள்.

இந்த சீசனில் ஒரு பையன் வந்தான். பெயர் வேண்டாம். டிஃபென்ஸ்மேன், அதாவது எதிராளியை நம் கோல் பக்கம் வரவிடாமல் தடுக்க வேண்டியவன். நல்ல உயரம், நல்ல வேகம். ஆனால் யாராவது பின்னால் துரத்தி வந்தால் பதறிப்போய், பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) எங்கேயோ அடித்துவிடுவான். அது நேராக எதிராளியிடம் போய்ச் சேரும்.

அவனைப் பற்றிய என் முதல் ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு. வீடியோவில் தப்பு நடந்த இடமெல்லாம் சிவப்பு டேக்.

வால்ட் பார்த்தார். இங்கிலீஷில்தான் பேசினார், எனக்கு ஏனோ தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது. "இதெல்லாம் சரி. இங்க பாருங்க... இந்த எதிராளி உள்ள வர்றான், நம்ம பையனைப் பாக்கறான், வந்த வழியே திரும்பிப் போறான். ஏன் திரும்பினான்?"

"நம்ம பையன் சரியான எடத்துல நிக்கறான்."

"அதுக்கு என்ன கலர்?"

"அதுக்கு டேக் இல்ல, வால்ட். ஒண்ணுமே நடக்கலையே."

"ஒண்ணும் நடக்காம பாத்துக்கறதுக்குத்தானே அவனுக்குச் சம்பளம்? ஒரு டேக் வைங்க."

என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் தமிழில் "சும்மா" என்று வைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் கேட்பார். "சும்மா எத்தனை?" அவர் வாயில் அது "ஸூமா".

பயிற்சியும் விசித்திரம்தான். பையன் பக்கைத் துரத்திப் போகும்போது வால்ட் பின்னாலிருந்து விசில் அடித்து விரல்களைக் காட்டுவார். அவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று கத்த வேண்டும். அப்புறம்தான் பக்கைத் தொடலாம்.

ஒரு நாள் விசில் மட்டும் அடித்தார், கை பாக்கெட்டில். "மூணு!" என்றான் பையன். ஐஸ் தரையை வழவழப்பாக்கும் வண்டியை ஓட்டுகிறவர்கூடச் சிரித்துவிட்டார்.

"மூணு பேரு உன்னை இடிச்சுத் தள்ளிட்டாங்க, எழுந்திரு," என்றார் வால்ட்.

அப்புறம் அவன் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். சிவப்பு நிற்கவில்லை. ஆனால் "சும்மா" கூடிக்கொண்டே வந்தது.

ஹெட் கோச்சுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இன்னொரு டிஃபென்ஸ்மேன் கிடைக்கிறான், இவனை அனுப்பிவிடலாம் என்கிறார். முடிவு இன்று மூன்று மணி மீட்டிங்கில். டீமில் இவனை வைத்துக்கொள்ளச் சொன்ன ஒரே ஆள் வால்ட்தான்.

நேற்று மேட்ச் முடிந்ததும் என்னிடம் சொன்னது: "காலைல 'சும்மா' மட்டும் அனுப்புங்க. மீட்டிங்ல நான் பேசிக்கறேன்."

சற்று முன்னால் பையனிடமிருந்து மெசேஜ். "நேத்து பார்க்கிங்ல வால்ட் விசில் அடிச்சார். நான் திரும்பாமலே 'ரெண்டு'ன்னு கத்திட்டுக் கார்ல ஏறிட்டேன். நீங்க அங்கதானே நின்னீங்க? எத்தனை காட்டினார்?"

நான் பார்த்தேன். கை முழுக்க விரித்து டாட்டா காட்டினார். அவ்வளவுதான்.

இன்னும் பதில் போடவில்லை. டைப் செய்கிறேன், அழிக்கிறேன்...

ஹெட் கோச்சும் அனுப்பியிருக்கிறார். வால்ட்டுக்காக நான்கு வரி, நல்ல வரிகள்தான். கடைசியில், லீகுக்கு இன்றே சொல்லியாக வேண்டும், மீட்டிங்கைத் தள்ளிப்போட முடியாது, வழக்கமான ரிப்போர்ட்டோடு வாருங்கள் என்று.

வழக்கமான ரிப்போர்ட் என்றால் சிவப்பு.

"இன்னைக்கு லீவ் சொல்லிடேன்," என்கிறார் என் கணவர். "மீட்டிங்ல உனக்கு என்ன வேலை? மூலையில உக்காந்து பட்டன் அமுக்கறதுதானே?"

உண்மைதான். அந்த அறையில் இதுவரை நான் வாயைத் திறந்ததில்லை. பேசுகிறவர் வால்ட், பட்டன் நான்.

"வாட் வில் ஹாப்பன் டு ஹிஸ் ரசம்?" என்று மகள் கேட்டாள். ஃபிளாஸ்க் கழுவிக் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது.

போய் வாருங்கள், வால்ட். கேரலைப் பார்க்க சாயங்காலம் வருகிறேன்.

அதற்கு முன்னால் மூன்று மணி. சிவப்பு ரிப்போர்ட் என் கையில் இருக்கும், மறைக்கப் போவதில்லை. ஆனால் விளக்கை அணைத்ததும் முதலில் ஓடப்போவது, காலையில் உங்களுக்கு அனுப்பிய வீடியோ. பாதியில் நிறுத்தச் சொன்னால், அங்கேயே நிறுத்தி, இந்த எதிராளி ஏன் திரும்பினான் என்று கேட்கப் போகிறேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என் கணவர் பேஸ்புக் பக்கமே வருவதில்லை. ஹெட் கோச்சுக்குத் தமிழ் தெரியாது.