எண்ணெய் ஊற்றப் போன ஊர்

என் மனைவி சித்த மருத்துவம் படித்தவள். ஐந்தரை வருடப் படிப்பு. அதன் பிறகு எட்டு வருடம் திருநெல்வேலியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து வைத்தியம் பார்த்தாள். மெல்பர்னுக்கு வந்ததும் அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்று தெரிந்தது. தெரிந்தது என்று எழுதுவது நேர்மையில்லை. விசாவுக்கு விண்ணப்பித்தபோதே எனக்குத் தெரியும். சொன்னால் வர மாட்டாள் என்ற பயத்தில், "அங்க போய் பாத்துக்கலாம்" என்று மழுப்பிவிட்டேன்.

பதினொரு வருடம் அவள் வெரிபீயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது. நன்றாகவே செய்தாள், குறை சொன்னதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "வைத்தியத்துக்குன்னு என்னைத் தேடி ஒரு ஆள் வந்து இத்தன வருசமாச்சு" என்று கணக்குச் சொல்வாள். பிறகு ரசத்தை ஊற்றிக்கொள்வாள். வீடு, கார், மகனின் படிப்பு எல்லாம் இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டவை. இது ஒன்றுதான் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது.

நைரோபி என்ற பேச்சை எடுத்தது என் கல்லூரி நண்பன். அங்கே ஒரு தொழிற்சாலையில் மேலாளர். விடுமுறைக்கு வந்தவன் டார்னெய்ட்டில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினான். "அங்க வெல்னஸ்னு ஒரு போர்டு வெச்சாப் போதும், ஜனம் தானா வரும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டான். மருத்துவர் என்று பலகை வைக்க அங்கேயும் முடியாது. ஆனால் ஆரோக்கிய நிலையம் என்று பதிவு செய்துகொண்டு எண்ணெய், ஒத்தடம், பிடித்துவிடுதல் எல்லாம் செய்யலாம் என்றார்கள். மகன் அப்போதுதான் சிட்னிக்குப் படிக்கப் போயிருந்தான். அலுவலகத்தில் சம்பளமில்லாமல் ஒரு வருட விடுப்பு கொடுத்தார்கள். நான் ப்ராஜெக்ட் மேனேஜர். யாருடைய ஆசை கையில் கிடைத்தாலும் அதை ஸ்லைடு ஸ்லைடாக ஆக்கினால்தான் எனக்கு நிம்மதி. நாற்பத்திரண்டு ஸ்லைடு செய்தேன்.

அவள் மூன்றாவது ஸ்லைடிலேயே நிறுத்தினாள். "மொதல்ல ஒரு மாசம் சும்மா போய் இருப்போம். யாருக்கு என்ன வலின்னு பாப்போம். என்ன செய்யலாம்னு அப்புறமா யோசிப்போம்."

"அதெல்லாம் ரிசர்ச்ல வந்துருச்சு" என்றேன்.

என் திட்டத்தின் மையம் தாரை. படுத்திருப்பவரின் நெற்றிக்கு மேல் ஒரு பாத்திரத்தைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான எண்ணெயை மெல்லிய ஒழுக்காக நெற்றியில் விழச் செய்வார்கள். அது முடியை நனைத்துத் தலை முழுக்க வழிந்து இறங்கும். தூக்கமின்மைக்கும் மன அழுத்தத்துக்கும் நல்லது. நான் தேர்ந்தெடுத்தது அதனால் அல்ல. இணையத்தில் எந்த ஆரோக்கிய நிலையத்தைத் திறந்தாலும் முதல் படம் அதுதான். அவளுக்கு ஒரு பெஞ்சும் ஒரு அடுப்பும் போதுமாக இருந்தது. நான் கேரளத்திலிருந்து மரக்கட்டில் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தேன்.

அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அங்கிள் விஷயத்தைக் கேள்விப்பட்டு வாசலில் மறித்தார். "எல்லாரும் அங்கயிருந்து இஞ்ச வாறாங்கள், நீர் இஞ்சயிருந்து அங்க போறீர். ஒருக்கா நல்லா யோசிச்சனீரே?"

யோசித்தேன் என்று சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். நம்பவில்லை என்று முகமே சொன்னது.

நைரோபியில் முதல் மூன்று மாதம் நாங்கள் யாருடைய உடம்பையும் தொடவில்லை. பத்திரங்களைத்தான் தொட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பத்திரத்துக்கு இன்னொரு பத்திரம் வேண்டும், அந்த இன்னொன்றுக்கு முதல் பத்திரம் வேண்டும். குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர், மற்ற நாட்களில் லாரி. மின்சாரம் போகும், வரும். பலகை மாட்டிய அன்றே தொலைபேசி ஓயாமல் அடித்தது. கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஆண்கள். மசாஜ் என்றால் வேறு எதையோ எதிர்பார்த்தார்கள். நான்காவது அழைப்பில் நான் கத்திவிட்டேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். அந்த மூன்று மாதத்தில் அவள் சிரித்ததைப் பார்த்தது அன்றுதான்.

பிறகு பெண்கள் வந்தார்கள். நல்ல வேலையில் இருப்பவர்கள், அழகாக உடுத்தியவர்கள், என் ஸ்லைடில் நான் வரைந்த அதே ஆட்கள். அறையைப் பார்ப்பார்கள், கட்டிலைத் தடவிப் பார்ப்பார்கள், தொங்கும் பாத்திரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். என்ன செய்வோம் என்று நான் விளக்குவேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை வருகிறோம் என்று போய்விடுவார்கள். இலவசம் என்று சொல்லியும் ஒருத்தியும் படுக்கவில்லை. ஐந்து வாரம் இப்படியே போனது.

வரவேற்பு மேசையில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தோம். முப்பது வயது இருக்கும். இடுப்பு வரை நூல் நூலாகப் பின்னல். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடம் கேட்டேன்: என்னதான் பிரச்சினை?

அவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். "சார், இந்தப் பின்னலுக்கு நான் சனிக்கிழமை காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆறு வாரம் இது இப்படியே இருக்க வேண்டும். இதன்மேல் ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றுவீர்களா?"

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்காகத் திறந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

தெருவில் இறங்கிப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் பதினாறு பெண்கள். பின்னல், ஒட்டுமுடி, சவுரி, பின்னல். நாலைந்து மாதமாகத் தினமும் இவர்கள் நடுவில்தான் நடந்திருக்கிறேன். வயதுவாரியாக, வருமானவாரியாக இந்த ஊர்ப் பெண்களைப் பற்றி என்னிடம் பட்டியல் இருந்தது. ஒருத்தியின் தலையைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு மொத வாரமே தெரியும்" என்றாள். "ஏன் சொல்லல?" என்றதற்கு, "ரிசர்ச்ல வந்துருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு பின்பக்கம் எழுந்து போனாள்.

கட்டடத்துக்குப் பின்னால் சாக்கடை ஓரம் ஆமணக்கு காடாக வளர்ந்து கிடந்தது. அன்று அவள் அதன் இலைகளைப் பறித்துக் கொண்டுவந்தாள். நறுக்கி, எண்ணெயில் வதக்கி, துணியில் முடிந்து ஒரு கிழி கட்டினாள். வரவேற்புப் பெண்ணின் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று என் மனைவிக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. மறுநாள் அந்த அம்மா வந்தார். சந்தையில் முப்பது வருடம் நின்றுகொண்டே காய்கறி விற்றவர். இவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒத்தடம் கொடுத்தாள். பத்து நாள் தொடர்ந்து கொடுத்தாள். பதினோராம் நாள் அந்த அம்மா தேவாலயத்திலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்கும் முழங்கால்.

அதன் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை. வாசலில் பெஞ்சு போட வேண்டி வந்தது. இரண்டாவது பெஞ்சும் போட்டோம். எல்லாரும் அவளை 'டக்டாரி' என்று கூப்பிட்டார்கள். அங்கே டாக்டருக்கு அதுதான் சொல். நான் டாக்டர் இல்லை, பலகையைப் பாருங்கள் என்று முதல் சில நாள் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேரளத்துக் கட்டில் துவைத்த துண்டுகளை மடித்து வைக்கும் இடமாயிற்று. எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். என்னால் ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு நிபந்தனை இருந்திருக்கிறது.

விடுப்பு முடிந்தது. கிளம்பலாம் என்றேன். அவள் கிழி முடிந்துகொண்டிருந்தாள்.

"நீங்க போங்க. நான் வரல."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

கோபம் இல்லை அவள் குரலில். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபம் என்றால் எப்போது ஆறும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும்.

டார்னெய்ட் வீட்டுக்குத் தனியாகத் திரும்பினேன். காலையில் ரயில், மாலையில் ரயில், நடுவில் அலுவலகம். எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார். சனிக்கிழமை புல் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து, மனைவி எங்கே என்று கேட்டார். சொன்னேன். நைரோபி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் அந்த ஊர்க்காரராம். ஆறு வருடம் எதிரெதிரே இருந்திருக்கிறோம். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது கையசைத்ததோடு சரி. தாரைக் கதையைச் சொன்னேன். கார்மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் கராஜில் மாதம் ஒரு முறை நான்கைந்து பெண்கள் கூடி, ஒருத்தி உட்கார இன்னொருத்தி நின்று நாள் முழுக்கப் பின்னிக்கொண்டிருப்பார்கள். கதவு திறந்தே இருக்கும். நான் பார்த்துக்கொண்டே புல் வெட்டியிருக்கிறேன்.

"உங்கள் மனைவி என்னென்ன நோய்க்கு வைத்தியம் பார்ப்பார்?" என்று கேட்டார்.

முழங்கால் வலி என்றேன். வேறு? எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கல்யாணமாகி இருபத்தொரு வருடம். திருநெல்வேலியில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்துத் தெரு எம்.பி.பி.எஸ்.ஸிடம் போவேன், இங்கே ஜி.பி.யிடம் போவேன். அவளிடம் ஒரு தலைவலியைக்கூட நான் கொண்டுபோனதில்லை. அவள் படிப்பை இந்த நாடு மதிக்கவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பொருமியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். அங்கே காலை, இன்னும் ஆள் வர ஆரம்பிக்காத நேரம். மகனைப் பற்றிப் பேசினோம், கரண்டு பில்லைப் பற்றிப் பேசினோம். பிறகு சொன்னேன்.

"வலது தோள்பட்டை ரெண்டு மாசமா வலிக்குது. கையத் தூக்க முடியல. மேல் தட்டுல இருக்கற அரிசி டப்பாவ எடுக்கணும்னா ஸ்டூல் போட வேண்டியிருக்கு."

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"பின்னால கை போகுதா?" என்றாள். வேறு குரல். எனக்குப் பழக்கமில்லாத குரல்.

"போகல."

"அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியுதா?"

"முடியல."

"சுகர் பாத்தீங்களா? வயிறு ஒழுங்கா போகுதா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கூச்சமாக இருந்தது. நடுநடுவே பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"என்ன மருந்து போடலாம்?" என்றேன்.

"ஆளப் பாக்காம நான் மருந்து சொல்ல மாட்டேன். நேர்ல வாங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எப்ப வரட்டும்?"

பக்கங்களைப் புரட்டினாள். "இந்த மாசம் பூரா ஆள் இருக்கு. அடுத்த மாசம் ரெண்டாவது புதன்கெழம, காலைல ஒம்பதரை. எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ."

என் பெயரை எழுதினாள். பிறகு, "வயசு?" என்று கேட்டாள். நாற்பத்தொன்பது என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.