எண்ணெய்ச்சட்டி ஏறாத தீபாவளி

என் மாமனார் இறந்தது ஒரு ஆடி மாதம். ஆகவே அந்த வருஷத் தீபாவளிக்கு எங்கள் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறக்கூடாது. முறுக்கு இல்லை, அதிரசம் இல்லை, முந்திரிக்கொத்து இல்லை. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். நாங்கள் யாருக்கும் தர முடியாது. வாங்கித் தின்பதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சொல்லப்போனால் இடுப்பொடியச் சுடுகிற வேலை மிச்சம். ஆனால் அந்த வருஷம் பார்த்துத்தான் நான் ஒருத்தருக்குக் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது.

என் மகளுடைய டீச்சருக்கு.

மாமனார் படுக்கையில் கிடந்த காலத்தில் மகள் பள்ளிக்கூடம் போனது பாதி, போகாதது பாதி. கணக்கில் சறுக்கிவிட்டாள். இந்த வருஷத்தோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சே வந்துவிட்டது. அந்த டீச்சர்தான் சாயங்காலங்களில் அவளைப் பிடித்து உட்காரவைத்து, விட்ட பாடத்தையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவர் குற்றாலத்தில் தன் அக்கா வீட்டில் தங்கி, தினம் பஸ்ஸில் தென்காசிக்கு வந்துபோகிறவர். “பஸ் போயிருமே டீச்சர்” என்று மகள் சொன்னாளாம். “போனா இன்னொண்ணு வரும். நீ போனா வருவியா?” என்றாராம். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் படித்தே எழுத்துக்கூட்டக் கற்றவள் நான். அந்த வார்த்தையை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்!

தீபாவளி லீவு விடுவதற்கு முன்னால் பிள்ளைகள் டீச்சர்மாருக்கு வீட்டுப் பலகாரம் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். கடையில் வாங்கினது எடுபடாது. தூக்குச்சட்டியில் நாலு அதிரசம் போதும். ஆனால் இந்த டீச்சர் அதையும் வாங்க மாட்டார். “கொண்டாந்தா வகுப்புக்கே பங்கு வச்சிருவேன்” என்பார். வைத்தும் இருக்கிறார். ஒரு பெரிய வீட்டிலிருந்து வந்த டப்பா நிறைய மைசூர்பாகு, டப்பாக்காரப் பிள்ளைக்கு ஒரு துண்டுகூட அதிகமில்லாமல் வகுப்பு முழுக்கச் சுற்றிவந்ததாம்.

எதிர்வீட்டு மதினி எனக்காக இரக்கப்பட்டு வந்தாள். “நான் சுட்டுத் தாரேன். ஒன் பேரச் சொல்லிக் குடுத்துவிடு. யாரு சட்டின்னு அதிரசத்துல எழுதியா இருக்கு?”

“எனக்குச் செஞ்ச உபகாரத்துக்கு ஒங்க அடுப்பு வேகணுமா மதினி?” என்றேன்.

“அப்ப நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு இரி” என்று போய்விட்டாள். கோபமில்லை, அவள் பேச்சே அப்படி.

வழி சொன்னது மகள்தான். ஐப்பசி அடைமழையும் குற்றாலத்து ஈரக்காற்றும் சேர்ந்து டீச்சருக்கு இருமல் பிடித்திருந்தது. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். “எங்க ஊர்ல மழ பெஞ்சா தெருவே கூடி நின்னு பாக்கும். இங்க என்னடான்னா மழை நம்மளத் தேடி வந்து பாத்துட்டுப் போகுது” என்பாராம். ஒரு பிள்ளை இருமலுக்குத் தூதுவளை பறித்துக்கொண்டு போயிருக்கிறது. அதைப் பேசாமல் பையில் வைத்துக்கொண்டாராம்.

“மருந்துன்னா வாங்குதாங்கம்மா.”

எனக்கு அதுபோதும். சுக்குக் கருப்பட்டி செய்வது என்று முடிவாயிற்று. கருப்பட்டி வீட்டில் இருந்தது. புறவாசல் இஞ்சியைக் காயவைத்த சுக்கும் இருந்தது. மிளகும் கொஞ்சம் ஏலமும்தான் வாங்க வேண்டும்.

என் மூத்த ஓரகத்தி, அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எங்களோடு ஒரே வீட்டில் இருப்பவள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், உடனே சட்டம் பேசினாள்.

“ஏட்டி, மிளக வறுக்கணுமே. துக்க வருஷத்துல வறுக்கலாமா?”

“எண்ணெ விடாம வறுக்கதுக்கு என்னக்கா?”

“சட்டி ஏறுதுல்லா?”

“தெனமும் சோத்துப்பானை ஏறத்தான செய்யுது. அது பலகாரமா?”

அக்கா யோசித்தாள். “இனிச்சா பலகாரம். ஒறச்சா மருந்து. ஒறப்பாச் செய்யி” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து, மண் போக வடிகட்டிப் பாகு காய்ச்சினேன். மிளகையும் சுக்கையும் அம்மியில் நுணுக்கிப் பாகில் போட்டுக் கிண்டினேன். நுணுக்கின மிளகில் பாதி, வீட்டு ரசத்துக்கென்று அம்மி ஓரத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து மழை. கொடியில் துணி. ஓடிப்போய் எடுத்துவந்தேன். பாகு பதமாக நின்றது. கழுவிவைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தேன். பாகு காய்ச்சின சட்டியில் தண்ணீர் விட்டு ஊறப்போட்டாயிற்று. ஒருத்தருக்கென்று செய்ததை அவர் கைக்குப் போகுமுன் ருசி பார்ப்பது எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் யாரும் ஒரு துணுக்குகூட வாயில் போடவில்லை. சிரட்டை சிரட்டையாகத் தட்டி எடுத்து, வாழைச்சருகில் கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன்.

டீச்சர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தவர், என் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“என்னம்மா அது?”

“மருந்து டீச்சர்.”

“மருந்துல கருப்பட்டி வாசம் அடிக்குதே.”

உள்ளேயிருந்து அவருடைய அக்கா எட்டிப்பார்த்தார். “கருப்பட்டியா? நீ வாங்காதே. நான் டீச்சர் இல்லே, நான் வாங்கிக்கறேன்.”

“நீ சும்மா இரு” என்றார் டீச்சர். பிறகு என்னிடம், “குடிச்சுப் பார்த்துடுவோம்மா. மருந்துன்னா வச்சுக்கறேன். பலகாரம்னா லீவு முடிஞ்சதும் வகுப்புக்குப் பங்கு. சரியா?”

சரி என்று சொல்வதைத் தவிர நான் என்ன செய்வேன்? மகள் என் சேலை முந்தியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். ஏலம் போட்டதற்கு என்னையே திட்டிக்கொண்டேன். அதன் வாசம் எந்த மருந்தையும் பலகாரமாக்கிவிடுமே!

ஒரு துண்டை உடைத்து வெந்நீரில் கரைத்தார்கள். டீச்சர் ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் முட்டியது. மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டார். டம்ளரை என்னிடம் நீட்டினார்.

நானும் குடித்தேன். தொண்டையில் தீ வைத்த மாதிரி இருந்தது. நான் போட்ட மிளகு இவ்வளவு இல்லையே!

“டீச்சர், இது...” என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்துவிட்டார். “இதைப் பலகாரம்னு சொல்றவனுக்கு நாக்கே கிடையாது” என்றவர் சிரித்துவிட்டார். சிரிப்பில் இருமல் வரவேண்டும், வரவில்லை. அதையும் அவரே கவனித்தார். “அடேயப்பா, பயந்து ஓடிப்போச்சு போலிருக்கே!”

பொட்டலம் உள்ளே அலமாரிக்குப் போயிற்று. டீச்சருடைய அக்கா விசாரித்ததில் எங்கள் வீட்டுத் துக்கம் தெரிந்து, “துக்க வீட்டுக்கு நாங்க தரலாம்தானே?” என்று நான் பொட்டலம் கொண்டுபோன பையில் சீடையைக் கொட்டினார். டீச்சர் அதைத் தடுக்கவில்லை. மகள் பஸ்ஸில் வரும்போதே பாதிச் சீடையைத் தீர்த்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாயில் கைவைத்தாள்.

“ஏட்டி, நீயும் போட்டியா? நான் வந்து பாத்தேன். மிளகு அம்மியிலயே கெடந்துது. மறந்துட்டு ஓடிட்டா போலன்னு வழிச்சுப் போட்டேம்லா!”

“சொல்லியிருக்கலாம்லாக்கா!”

“நீ துணியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தே. நான் அந்தால போயிட்டேன். எங்க சொல்ல?”

எதிர்வீட்டு மதினி கேட்டுவிட்டு, “ஒரு அடுப்புல ரெண்டு மகராசி நின்னா இப்படித்தான்” என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் எண்ணெய்ச்சட்டி ஏறியது. முந்திரிக்கொத்து அவ்வளவு அருமையாக வந்தது. டீச்சருக்கு நாலு எடுத்து வைக்கப்போனேன். மகள் தடுத்தாள்.

“பலகாரம் வேண்டாமாம். அந்த மருந்துதான் வேணுமாம். மிளகக் கொறைக்காதிய, போன வருஷ அளவேதான்னு சொல்லச் சொன்னாங்க.”

போன வருஷ அளவு எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அதனால் அந்த டீச்சர் எங்கள் ஊரில் வேலை பார்த்தவரைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரே வழிதான். நான் பாகில் மிளகைப் போட்டுவிட்டு, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் புறவாசலுக்குப் போய் நிற்பேன். அக்கா வந்து அம்மியைப் பார்ப்பாள். “மறந்துட்டு ஓடிட்டா போல” என்று எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே, மீதியை வழித்துப் போடுவாள்.